9 மி.மீ., .38 ஸ்பெஷல் தோட்டாக்களை வீட்டில் மறுநிரப்பத் தொடங்குவது: எந்தக் கருவி, எந்த அளவு, என்ன சட்டம்?

#1 ஆஸ்டின்வாசி

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. நானும் மனைவியும் வார இறுதிகளில் ரேஞ்சுக்குச் சென்று சுட்டுப் பழகி வருகிறோம். எங்களிடம் 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றும் .357 மேக்னம் ரிவால்வர் ஒன்றும் இருக்கின்றன, ரிவால்வரில் பெரும்பாலும் .38 ஸ்பெஷல் தோட்டாக்களையே போடுகிறோம். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை எறிய மனமின்றிச் சேர்த்து வைத்திருக்கிறோம். இப்போது அவற்றை வீட்டிலேயே மறுநிரப்பலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறது.

ஒவ்வொரு வேலையாகச் செய்யும் ஒற்றை நிலை பிரஸ் (மறுநிரப்பும் அழுத்துக்கருவி) வாங்குவதா, கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெளிவரும் தொடர் பிரஸ் வாங்குவதா என்பதில் குழப்பம். இரண்டு அளவுகளில் எதை முதலில் கையில் எடுப்பது, உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா, சிறு பிள்ளை இருக்கும் வீட்டில் பவுடரையும் பிரைமரையும் எப்படி வைத்திருப்பது என்பனவற்றையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

#2 தாமிரபரணி

தம்பி, கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே எரிந்து குண்டைத் தள்ளும் பவுடர், வாயில் குண்டு. சுட்டவுடன் மற்ற மூன்றும் செலவாகிவிட, கூடு மட்டும் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் சுவர் அளவுக்கு விரிந்த நிலையில் மிஞ்சுகிறது. அதைச் சுத்தம் செய்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, டை எனப்படும் அச்சுக்குள் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எரிந்த பிரைமரைத் தள்ளிவிட்டு, வாயைச் சற்றே விரித்து, புதிய பிரைமரை அடியில் பொருத்தி, பவுடரை அளந்து ஊற்றி, குண்டை உரிய ஆழத்துக்கு இறக்கி, விரித்த வாயை மறுபடி ஒடுக்கினால் தோட்டா தயார். கார்பைடு வளையம் உள்ள டை வாங்கினால் கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு மசகு தடவும் தொல்லையும் இல்லை.

இந்த வரிசையில் பெரும்பாலான பிழைகள் தோட்டாவை அறைக்குள் நுழையவிடாமல் செய்யும், அல்லது சுடாமல் விட்டுவிடும். பவுடரில் நேரும் பிழை மட்டும் வேறு வகையானது. ஒரு கூட்டில் இருமுறை பவுடர் விழுந்துவிட்டால் துப்பாக்கியே உடையலாம். பவுடரே விழாமல் போனால் பிரைமரின் விசையில் மட்டும் நகர்ந்த குண்டு குழலுக்குள் சிக்கி நின்றுவிடும், அதற்குப் பின்னால் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வெடிக்கும். எனவே நீங்கள் எந்தக் கருவியை வாங்கினாலும், குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் உங்கள் கண் விழுந்தே ஆக வேண்டும். கருவியின் விலை, வேகம், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை இதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

அந்தக் கண்பார்வைக்கு மிகவும் இடம் கொடுப்பது ஒற்றை நிலை பிரஸ்தான். ஐம்பது கூடுகளுக்கும் ஒரே வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்லலாம். பவுடர் ஊற்றிய கூடுகளைத் துளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் மேலிருந்து பார்த்தால், பவுடரின் மட்டம் ஒன்றில் உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் உடனே தெரிந்துவிடும். ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் ராக் சக்கர் போன்ற வார்ப்பிரும்பு பிரஸ் ஒன்றை வாங்கினால் அது உங்கள் பிள்ளையின் காலத்திலும் உழைக்கும். பின்னாளில் நீங்கள் வேகமான பிரஸ் வாங்கினாலும் இது சும்மா கிடக்காது.

அளவைப் பொறுத்தவரை .38 ஸ்பெஷலில் தொடங்குங்கள். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI) இதற்கு வகுத்த உச்ச அழுத்தம் 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு); 9 மி.மீ. லூகருக்கோ அது 35,000 பி.எஸ்.ஐ. போதாக்குறைக்கு உங்கள் ரிவால்வர் .357 மேக்னத்தின் 35,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாங்கக் கட்டப்பட்டது. கற்றுக்கொள்பவருக்கு இவ்வளவு தாராளமான இடைவெளியை வேறு எந்தச் சேர்க்கையும் தராது. கூடுகளும் புல்வெளியில் சிதறாமல் உங்கள் கையிலேயே திரும்ப விழும்.

கருவிக்கு முன்பாகவே வாங்க வேண்டியது கையேடு. லைமன், ஹார்னடி போன்ற நிறுவனங்கள் வெளியிடும் மறுநிரப்புக் கையேட்டில் முன்பகுதியை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள். எத்தனை கிரெயின் (பவுடரை நிறுக்கும் மிகச் சிறிய எடை அலகு) பவுடர் என்ற எண்ணை எந்த இணைய இழையிலிருந்தும், என்னிடமிருந்தும்கூட, வாங்கிக்கொள்ளாதீர்கள். கையேட்டிலிருந்தும் பவுடர் உற்பத்தியாளரின் அட்டவணையிலிருந்தும் மட்டுமே எடுங்கள்.

#3 கொங்குநாடன்

தாமிரபரணி ஐயா சொன்ன அடிப்படையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் .38 ஸ்பெஷல்தான் பாதுகாப்பான தொடக்கம் என்பதை அப்படியே ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. அந்தத் தோட்டா கரிமருந்துக் காலத்தின் கடைசியில், அந்த மருந்தின் பருமனுக்கு ஏற்ற கூட்டோடு பிறந்தது. இன்றைய வேகமான புகையற்ற பவுடரில் சில கிரெயின்களை அதில் ஊற்றினால், அவை கூட்டின் அடியில் எங்கோ கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் நிரம்பி வழியாது, சில பவுடர்களில் மூன்று மடங்குகூட உள்ளே அடங்கிவிடும். 9 மி.மீ. கூட்டின் உச்ச நீளமே 0.754 அங்குலம்தான்; .38 கூட்டின் நீளம் 1.155 அங்குலம். சிறிய கூட்டில், பருமன் மிகுந்த பவுடராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், இருமுறை ஊற்றும்போது வழிந்து மேசையில் கொட்டித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நண்பரும் அவர் மனைவியும் அதிகமாகச் சுடுவது 9 மி.மீ. ஆகத்தான் இருக்கும். ஒற்றை நிலை பிரஸ்ஸில் ஒவ்வொரு கூட்டையும் நான்கைந்து முறை கையில் எடுத்து வைத்து எடுத்து, இருவருக்கும் ஒரு வார இறுதிக்குத் தேவையானதைச் செய்து முடிப்பதற்குள் சலிப்பு வந்துவிடும். சலிப்பு வந்த கையில் கவனம் நிற்பதில்லை. லீ நிறுவனத்தின் கிளாசிக் டரட் போன்ற சுழல்தலை பிரஸ் இரண்டு வகைக்கும் நடுவழி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு கூடுதான் அதில் இருக்கும், கைப்பிடியை இழுக்க இழுக்க மேலே உள்ள டைகள் சுழன்று வரும், அந்த ஒரு தோட்டா முடிந்த பிறகே அடுத்ததை வைப்போம். பழகும் வரை சுழற்றும் தண்டைக் கழற்றிவிட்டு ஒற்றை நிலை பிரஸ் போலவே பயன்படுத்தலாம்.

தொடர் பிரஸ்ஸுக்குப் போவதாக இருந்தாலும் அவற்றுக்குள் உள்ள வேறுபாட்டை அறிந்து வாங்க வேண்டும். டில்லன் 550 பிரஸ்ஸில் கூடுகள் நிற்கும் தட்டைக் கையால் சுழற்ற வேண்டும். யாராவது கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்த நேரத்தில் சுழற்ற மறந்துவிட்டால் அதே கூட்டில் மீண்டும் பவுடர் விழும். 750 மாதிரி தானாகவே சுழலும். பவுடர் மட்டத்தைச் சோதிக்கும் கருவிக்கும் அதில் தனி இடம் உண்டு. வேகம் என்பதால் அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் மனிதக் கை மறக்கக்கூடும் என்பதைப் பார்த்து அந்த இடத்தில் காவல் வைத்தால் சரி.

#4 தாமிரபரணி

பெரிய கூடு இரட்டை நிரப்பை மறைக்கும் என்பது முற்றிலும் உண்மை, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய பொருள்தான். கொங்குநாடன் எடுத்துரைத்ததற்கு நன்றி. அதனால்தான் துளைப் பலகையையும் டார்ச்சையும் வலியுறுத்துகிறேன். அலையண்ட் யூனிக் போன்ற பருமனான பவுடரைப் பயன்படுத்தினால் .38 கூட்டிலும் மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவு உயர்ந்து நிற்கும். டைட்குரூப் போன்ற அடர்த்தியான, மிக வேகமாக எரியும் பவுடர்கள் சிக்கனமானவை, நன்றாகவும் சுடுகின்றன. ஆயினும் முதல் டப்பாவாக அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதோடு சேர்த்து இன்னொரு செய்தி. .38 ஸ்பெஷலில் 'மென்மையாகச் சுடட்டும்' என்று கையேட்டின் தொடக்க அளவுக்கும் கீழே பவுடரைக் குறைப்பவர்கள் உண்டு. ரிவால்வரில் சுழல் உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதால் வாயுவின் ஒரு பகுதி அங்கேயே வெளியேறிவிடும். பவுடரும் குறைந்து, செம்பு உறையிட்ட கடினமான குண்டும் சேர்ந்தால், குண்டு குழலைக் கடக்காமல் உள்ளேயே நின்றுவிடலாம். கையேட்டில் தொடக்க அளவும் உச்ச அளவும் இரண்டுமே எல்லைகள் என்று கொள்ளுங்கள். தொடக்க அளவில் ஒரு சிறு தொகுதி செய்து, சுட்டுப் பார்த்து, தேவையானால் மட்டும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். குண்டின் எடை, வகை, பிரைமரின் வகை ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் மறுபடி தொடக்க அளவுக்கே திரும்ப வேண்டும்.

.357 மேக்னம் கூடுகளும் உங்களிடம் சேர்ந்திருக்கும். அவற்றை இப்போதைக்குத் தனியே மூட்டை கட்டி வையுங்கள். மேக்னத்துக்குப் பயன்படும் எச்110 போன்ற மெதுவான பவுடர்களைக் குறைக்கவே கூடாது என்று உற்பத்தியாளரே எச்சரிக்கிறார். தொடங்கும் நிலையில் கற்றுக்கொண்ட பழக்கத்துக்கு நேர்மாறான விதி அது. இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

#5 கொள்ளிடக்கரை

கருவிகளைப் பற்றி இருவரும் தெளிவாக எழுதிவிட்டார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் சட்டப் பகுதியை நான் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். சட்டத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டாவை மறுநிரப்ப உரிமம் தேவையில்லை. செய்ததை விற்பதைத் தொழிலாகக் கொண்டால் ஆறாம் வகை உரிமம் வேண்டும். நண்பர்களுக்குச் செய்து கொடுத்துக் காசு வாங்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். இலவசமாகக் கொடுப்பதும் நல்லதன்று, ஏனெனில் உங்கள் தோட்டா இன்னொருவர் கையில் வெடித்தால் பொறுப்பு உங்களுடையதாகும். மாநில, நகரச் சட்டங்கள் வேறுபடும். கலிபோர்னியாவில் 2019 ஜூலையில் தோட்டா வாங்குவதற்கே பின்னணிச் சோதனை நடைமுறைக்கு வந்தது என்பது ஒரு சான்று.

முக்கியமானது விசா நிலை. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர்கள், சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகளுக்குள் வந்தாலொழிய, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. இதில் பலருக்கும் தெரியாத ஒன்று என்னவென்றால், அந்தச் சட்டத்தின் வரையறையில் முழுத் தோட்டா மட்டுமன்றி, கூடு, பிரைமர், குண்டு, பவுடர் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே தோட்டாவாகவே கருதப்படுகிறது. 'துப்பாக்கி நண்பருடையது, நான் பிரஸ்ஸை மட்டும் வைத்திருக்கிறேன்' என்ற விளக்கம் மேசையில் ஒரு டப்பா பிரைமர் இருந்தால் எடுபடாது. 2022இல் இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை 10 ஆண்டுகளிலிருந்து 15 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இழையைத் தொடங்கிய நண்பர் கிரீன் கார்டு வைத்திருப்பதால் இந்தத் தடை அவருக்குப் பொருந்தாது. படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

ஊருக்குப் போகும்போது இன்னும் கவனம் தேவை. பவுடரையும் பிரைமரையும் விமானத்தில் கைப்பையிலும் எடுத்துச் செல்ல முடியாது, பதிவு செய்த பெட்டியிலும் எடுத்துச் செல்ல முடியாது. இதைவிட ஆபத்தானது ரேஞ்சுக்கு எடுத்துச் சென்ற பையையே சென்னைப் பயணத்துக்கும் பயன்படுத்துவது. பையின் தையலிடுக்கில் ஒரே ஒரு தோட்டா கிடந்து விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால், 1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டப்படி வழக்குப் பதிவாகும். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று இந்திய நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன, அந்த அடிப்படையில் பல வழக்குகள் தள்ளுபடியும் ஆகியுள்ளன; ஆனால் அதை நிலைநாட்டும் வரை அலைச்சல் உங்களுடையதுதான். ரேஞ்சுக்கென ஒரு பையைத் தனியே ஒதுக்கி, அதை வேறெதற்கும் எடுக்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து இந்த இழையைப் படிப்பவர்களுக்கு ஒன்று: அங்கே உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். இங்கே பேசப்படுவது எதையும் அங்கே செய்து பார்க்க இயலாது.

#6 வளைகுடாவாசகி

கொள்ளிடக்கரை அவர்களுக்கு ஒரு கேள்வி. வேட்டை உரிமம் எடுத்துவிட்டால் எச்-1பி விசாவிலும் வைத்திருக்கலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் கூறினார். அது சரியா?

#7 கொள்ளிடக்கரை

அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அந்த விதிவிலக்குகளில் ஒன்றுதான், சகோதரி. உரிமம் காலாவதியான நாளில் விதிவிலக்கும் போய்விடும். வீட்டில் இருக்கும் பொருள் மட்டும் அப்படியே இருக்கும். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் ஒருவர் இதற்காக அவ்வளவு பெரிய இடரை ஏற்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். ஏற்பதாக இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

#8 ஆஸ்டின்வாசி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ரேஞ்ச் பையைப் பற்றிப் படித்ததும் எங்கள் பையைக் கவிழ்த்துப் பார்த்தோம். இனி அது வேறு எதற்கும் வெளியே வராது.

எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கார் நிறுத்தும் அறையின் ஒரு மூலையில் மேசை போடலாம் என்று நினைக்கிறேன். பவுடரை அங்கேயே வைக்கலாமா? ஈய நச்சு பற்றியும் மனைவி கவலைப்படுகிறார்.

#9 யாழ்நிலா

உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. நான் மருத்துவத் துறையில் இருப்பவள் என்பதால் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

ஈயம் என்றதும் எல்லோரும் குண்டைத்தான் நினைக்கிறார்கள். கையால் தொடும் குண்டைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசியே மிகுதியாக உடலுக்குள் செல்கிறது. வழக்கமான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உள்ளது. அது எரிந்தபின் எஞ்சும் கரி, சுட்ட கூட்டின் உள்ளும் பிரைமர் குழியிலும் படிந்திருக்கும். வால்நட் ஓட்டுத் தூளிலோ சோளத்தக்கைத் தூளிலோ கூடுகளைப் போட்டு அதிரும் சுத்திகரிப்பானை ஓடவிட்டால் அந்தக் கரி முழுவதும் தூளில் கலந்து, மூடியைத் திறக்கும்போதும் சலிக்கும்போதும் காற்றில் பறக்கும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீரும் எஃகு ஊசிகளும் போட்டுச் சுழற்றும் ஈரமுறைச் சுத்திகரிப்பே ஏற்றது; தூசி எழவே எழாது. கூடுகளை நன்கு உலர்த்திய பிறகே அடுத்த வேலைக்குச் செல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அதில் கூடுதல் பொறுமை. அந்த அழுக்குத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். உங்கள் ஊரில் தீங்கான கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடம் எது என்று கேட்டு அங்கே சேர்ப்பியுங்கள்.

குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021இல் குழந்தைகளின் இரத்தத்தில் கவனிக்கத் தக்க அளவை டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அந்த எண்ணிலிருந்தே உணரலாம். வேலைக்கென ஒரு சட்டையும் செருப்பும் தனியாக வைத்து, அவற்றை அந்த அறையைத் தாண்டி வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மேசையில் உண்ணவோ தேநீர் குடிக்கவோ கூடாது. முடித்ததும் சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் கையையும் முகத்தையும் கழுவுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். நீங்களும் மனைவியும் ஆண்டுப் பரிசோதனையின்போது இரத்த ஈய அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மகளுக்கும் குழந்தை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லிப் பரிசோதிக்கச் செய்யுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், அது எளிய இரத்தப் பரிசோதனைதான்.

#10 தாமிரபரணி

யாழ்நிலா அவர்கள் எழுதியதை அச்சிட்டு மேசைக்கு மேல் ஒட்டலாம்.

பவுடரை வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, டெக்சஸ் கோடையில் கார் நிறுத்தும் அறை அடுப்பாகக் கொதிக்கும். பவுடருக்கு வெப்பமும் ஈரமும் ஆகாது. வேலையை அங்கே செய்தாலும் பவுடரையும் பிரைமரையும் வீட்டுக்குள் குளிர்ந்த, உலர்ந்த அலமாரி ஒன்றில், மகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். வெந்நீர்க் கொதிகலன், துணி உலர்த்தி போன்ற சூட்டுப் பொருள்கள் அருகில் இருக்கக் கூடாது. அமெரிக்கத் தீத்தடுப்புக் கழகத்தின் 495 எண்ணுள்ள விதித்தொகுப்பு, வீட்டில் 20 பவுண்டு வரை புகையற்ற பவுடரை அதன் மூல டப்பாக்களிலேயே வைத்திருக்க இடம் தருகிறது. பிரைமர் 10,000 வரை. உங்கள் நகரத்தின் தீயணைப்பு விதி இன்னும் கடுமையாக இருக்கக்கூடும், அதை விசாரித்துக்கொள்ளுங்கள். தொடங்குபவருக்கு ஒரு பவுண்டு பவுடரும் ஒரு பெட்டி பிரைமரும் போதும்.

பூட்டி வைப்பது என்றதும் கனத்த இரும்புப் பெட்டகத்தை நாடுபவர்கள் இருக்கிறார்கள். அது கூடாது. புகையற்ற பவுடர் திறந்த வெளியில் தீப்பற்றினால் வேகமாக எரியும், அவ்வளவுதான். அதையே காற்றுப் புகாத வலிமையான இரும்புக்குள் அடைத்தால் அழுத்தம் சேர்ந்து வெடிகுண்டாக மாறும். சாதாரண மர அலமாரியும் பூட்டும்தான் சரியானவை. பவுடரை வேறு டப்பாவுக்கோ பாட்டிலுக்கோ மாற்றக் கூடாது, பிரைமரை அதன் தட்டிலிருந்து எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் கொட்டி வைக்கவும் கூடாது. மொத்தமாகக் குவிந்த பிரைமரில் ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். வேலை செய்யும்போது கண்ணாடி அணிய மறக்காதீர்கள்.

மேசையின் மீது எந்த நேரத்திலும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவையில் மிஞ்சிய பவுடரை அதே டப்பாவில் திருப்பி ஊற்றி மூடுங்கள். மறுநாள் வந்து 'இது எந்தப் பவுடர்' என்று யோசிக்க நேர்ந்தால், யோசிக்காமல் அதை அழித்துவிடுங்கள்.

#11 கொங்குநாடன்

பணத்தைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. பவுடர்தான் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். ஒரு தோட்டாவுக்கு 5 கிரெயின் என்று வெறும் கணக்குக்காக வைத்துக்கொண்டால் (இது நிரப்பும் அளவு அல்ல, கணக்கு மட்டுமே) ஒரு டப்பாவில் 1,400 தோட்டாக்கள் வரும். ஆகவே பவுடரின் பங்கு மிகச் சிறிது. குண்டுதான் பெரும் பங்கு, அடுத்தது பிரைமர். பிரைமரின் விலை 2020க்குப் பிறகு தட்டுப்பாட்டில் பலமடங்கு ஏறி, இறங்கிய பின்னும் பழைய நிலைக்கு வரவில்லை. பவுடரையும் பிரைமரையும் இணையத்தில் வாங்கினால் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் அபாயப் பொருள் கட்டணம் தனியே உண்டு; பக்கத்துக் கடையில் வாங்குவதோ, ரேஞ்ச் நண்பர்களோடு சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுவதோ நல்லது.

9 மி.மீ. தோட்டா கடையில் மிகுதியாகவும் மலிவாகவும் கிடைப்பதால் அதில் மிச்சம் சொற்பமே. கருவிக்குப் போட்ட பணம் திரும்ப நெடுங்காலம் ஆகும். .38 ஸ்பெஷலைக் கடையில் வாங்குவது விலை கூடுதல் என்பதால் அதில் மிச்சம் கண்கூடு. இந்த ஒரு காரணத்துக்காகவே .38இல் தொடங்கலாம் என்ற தாமிரபரணி ஐயாவின் முடிவுக்கு நானும் வந்து சேர்கிறேன். போட்டிகளில் கலந்துகொள்ளும் எனக்கு 9 மி.மீ.யில் கிடைக்கும் உண்மையான ஆதாயம் வேறு: என் பிஸ்டலுக்கும் கைக்கும் ஒத்துவரும் உதைப்பில், ஒரே சீரான தோட்டா. அதற்கு விலை சொல்ல முடியாது.

#12 ஆஸ்டின்வாசி

முடிவு செய்துவிட்டோம். சுழல்தலை பிரஸ் ஒன்றை வாங்கி, சுழற்றும் தண்டை மாட்டாமல், .38 ஸ்பெஷலில் ஆரம்பிக்கிறோம். கையேடு வந்துவிட்டது, மனைவியும் நானும் மாறி மாறிப் படிக்கிறோம். பவுடர் ஊற்றிய பலகையை இருவரும் தனித்தனியே பார்த்த பிறகே குண்டை வைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

பின்னாளில் 9 மி.மீ.க்குச் செல்லும்போது எதில் கவனம் வேண்டும்? ரேஞ்ச் தரையில் கிடந்து பொறுக்கிய கூடுகளும் நிறைய இருக்கின்றன.

#13 கொங்குநாடன்

இருவர் பார்ப்பது என்ற ஏற்பாட்டைவிடச் சிறந்த சோதனைக் கருவி கடையில் கிடையாது.

9 மி.மீ.யில் முதல் கவனம் குண்டு இறங்கும் ஆழம். கூடு சிறியது, அழுத்தம் பெரியது. எனவே குண்டு சற்றே கூடுதலாக உள்ளே போனாலும் பவுடர் எரியும் இடம் சுருங்கி அழுத்தம் எகிறிவிடும். சாமி அமைப்பு வகுத்த முழுத் தோட்டாவின் உச்ச நீளம் 1.169 அங்குலம். அது மேல் எல்லை மட்டுமே. உங்கள் குண்டுக்குக் கையேடு சொல்லும் நீளத்தை வெர்னியர் காலிபர் வைத்து அளந்து கடைப்பிடியுங்கள். குண்டின் முனை வடிவம் மாறினால் அந்த நீளமும் மாறும். மாதிரித் தோட்டா ஒன்றைப் பவுடரும் பிரைமரும் இல்லாமல் செய்து, பிஸ்டலிலிருந்து கழற்றிய குழலின் அறைக்குள் போட்டுப் பாருங்கள். 'டக்' என்ற ஒலியோடு தானாக விழ வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆழத்தையோ வாய் ஒடுக்கத்தையோ திருத்த வேண்டும். 9 மி.மீ. தோட்டா தன் வாயின் விளிம்பால் அறைக்குள் நிற்பதால், .38க்குச் செய்வதுபோல வாயை உள்நோக்கி மடிக்கக் கூடாது. விரித்ததை நேராக்கும் அளவுக்கு மட்டுமே ஒடுக்க வேண்டும். பெருவிரலால் குண்டை மேசை விளிம்பில் அழுத்திப் பாருங்கள், உள்ளே நகரவே கூடாது. சுடாமல் எடுத்து எடுத்து அறையில் ஏற்றும் தோட்டாவில் குண்டு உள்ளே தள்ளப்படும் என்பதால் அப்படி ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

பொறுக்கிய கூடுகளைப் பிரிக்க ஒரு மாலையை ஒதுக்குங்கள். .380 கூடுகள் 9 மி.மீ.யோடு கலந்திருக்கும், பார்வைக்கு எளிதில் ஏமாற்றும். உள்ளே எட்டிப் பார்க்கும்போது சுவரில் படி போன்ற ஒரு மேடு தெரியும் கூடுகளை எறிந்துவிடுங்கள், அவற்றின் உட்கொள்ளளவு குறைவு. இராணுவத் தயாரிப்பில் பிரைமரைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். அந்த இறுக்கத்தை நீக்காமல் புதிய பிரைமர் போகாது. அடியில் நடுவே ஒரு துளை இருப்பது பாக்ஸர் வகை, அதுதான் நமக்கு உதவும். இரு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை, நமது டையின் ஊசி அதில் மோதி முறியும். வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கா முழுதும் பரவியுள்ள பாக்ஸர் வகையை உருவாக்கியவர் ஆங்கிலேயர், ஐரோப்பாவில் வேரூன்றிய பெர்டான் வகையை உருவாக்கியவர் அமெரிக்கர்.

#14 தாமிரபரணி

ஒரு செய்தியை மட்டும் சேர்த்துவிடுகிறேன். முதல் தொகுதியை ரேஞ்சுக்கு எடுத்துச் செல்லும்போது ரிவால்வரில் ஒரு தோட்டாவை மட்டும் ஏற்றிச் சுடுங்கள், இலக்கில் துளை விழுந்ததைப் பார்த்த பிறகு அடுத்ததை ஏற்றுங்கள். சில தோட்டாக்கள் நன்றாகச் சென்ற பின் முழுமையாக ஏற்றலாம். எந்த ஒரு சூட்டிலாவது ஒலி மந்தமாகக் கேட்டாலோ, உதைப்பு குறைந்ததாகத் தோன்றினாலோ, இலக்கில் துளை காணவில்லை என்றாலோ, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையிலேயே சற்று நேரம் பிடித்திருங்கள். பிறகு எல்லாத் தோட்டாக்களையும் இறக்கி, குழலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. சிக்கிய குண்டைத் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள், இன்னொரு தோட்டாவால் அதைத் தள்ள முயலவே கூடாது.

அந்தத் தொகுதியில் மீதமுள்ள தோட்டாக்களை நம்பவும் கூடாது. சுத்தியல் வடிவில் குண்டு பிரிப்பான் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதை இப்போதே வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் தேதி, கூட்டின் நிறுவனம், குண்டின் எடை, பவுடரின் பெயரும் அளவும், பிரைமர், முழு நீளம் ஆகியவற்றை எழுதி ஒட்டியிருந்தால், எந்தப் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.